மீன் தொட்டியைத் தாங்கும் மரம்

கண்ணாடித் தொட்டிக்குள் மெல்லத் திரும்பும் தங்க மீனை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுப்புத் தட்டாது. பார்ப்பவர் கண் மீனில் இருக்கும். நீரில் அசையும் செடியில் இருக்கும். அடியில் பரப்பிய கூழாங்கற்களில் இருக்கும். தொட்டிக்குக் கீழே நிற்கும் மரத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஒன்றரை அடித் தொட்டி என்றால் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. உறுதியான பழைய மேசை ஒன்று போதும். ஆனால், சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ண மீன் கடைத் தெருக்களில் இன்று நாலடி, ஐந்தடித் தொட்டிகளும் செய்து தரப்படுகின்றன. ஆசையோடு அவற்றை வாங்கி வருகிறவர்களில் பலர், ஸ்டாண்டைப் பற்றிக் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பலகைகளைக் கொண்டு ஏதோ ஒன்றை அடித்து நிறுத்திவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து, ஓர் இரவில், அடிக்கண்ணாடி விரிசல் விட்டு முந்நூறு லிட்டர் தண்ணீர் கூடத்தில் ஓடும்போது, கண்ணாடி மட்டமான சரக்கு என்று கடைக்காரரின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

பல சமயங்களில் பழிக்கு உரியது கீழே இருக்கும் மரமே. மரம் ஒடிந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் சற்றே வளைந்திருக்கும். அவ்வளவுதான்.

சற்று வளைந்த மரம் எப்படிக் கண்ணாடியை உடைக்கும்? வளையாத தாங்கி ஒன்றைச் செய்வது எப்படி? இதற்குப் பள்ளியில் படித்த இயற்பியலே போதும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்; கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

எவ்வளவு பாரம்?

நம் தொட்டியின் நீளம் 4 அடி, அகலம் 1½ அடி, உயரம் 2 அடி என்று கொள்வோம். பெருக்கினால் 12 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகவே விளிம்புவரை நிரப்பினால் 340 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு அங்குலம் விட்டுத்தான் நிரப்புவோம். அப்போது 311 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கண்ணாடியும் எடை குறைந்த பொருளன்று. 10 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை இருக்கும். அடிப்பக்கமும் நான்கு சுவர்களும் சேர்ந்து 2.6 சதுர மீட்டர். எனவே காலித் தொட்டியே 65 கிலோ. அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கூழாங்கல் பரப்பினால் அது ஒரு கன அடி, சுமார் 45 கிலோ. கல் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்க முடியாதல்லவா? ஆகவே 17 லிட்டரைக் கழித்துக்கொள்ளலாம். இத்துடன் மூடி, விளக்கு, வடிகட்டி, அழகுக்கு வைக்கும் பாறைத் துண்டு எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 420 கிலோகிராம் வந்துவிடும்.

அறுபது கிலோ எடையுள்ள ஏழு பேர், நாலடிக்கு ஒன்றரை அடிப் பலகையின்மேல் நெருக்கியடித்து நிற்பதாக எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஏறி இறங்குகிறவர்கள் அல்லர். இரவு பகலாக, பத்து ஆண்டுகள், ஒரு நிமிடம்கூட இறங்காமல் நிற்பவர்கள். மீன் தொட்டித் தாங்கியின் வேலை இதுதான். நாற்காலியும் கட்டிலும் செய்து பழகிய கைக்கு இந்த வேறுபாடு உடனே புலப்படாது. கட்டிலுக்குப் பகலில் ஓய்வு உண்டு.

காலில் அச்சம் வேண்டாம்

கணக்கைக் கேட்டதும் பெரும்பாலோர் நினைப்பது, "கால்களைப் பருமனாக வைத்துவிட்டால் சரி" என்பதுதான். இது இயற்கையான எண்ணம். ஆனால் கால்தான் இதில் மிகக் குறைவாக அஞ்ச வேண்டிய உறுப்பு.

மரம் என்பது நெடுக்காக ஓடும் நார்க் குழல்களின் கட்டு. அந்த நார்களின் போக்கிலேயே அழுத்தினால் மரம் வியக்கத்தக்க வலிமையைக் காட்டும். நன்கு உலர்ந்த தேக்கு, நார்ப்போக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் தாங்கிய பிறகே நசுங்கும். இரண்டு அங்குலச் சதுரக் கால் ஒன்றின் குறுக்குப் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: பத்தாயிரம் கிலோ! நம் மொத்தப் பாரத்தைப்போல இருபது மடங்குக்கு மேல், ஒரே ஒரு காலுக்கு.

நசுங்குவதற்கு முன்பே கால் நொடித்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. துடைப்பத்திலிருந்து நீளமான ஈர்க்கு ஒன்றை உருவி, தரையில் நிறுத்தி, மேலிருந்து விரலால் அழுத்துங்கள். அது பக்கவாட்டில் வில்போல வளைந்துவிடும். அதையே பாதியாக ஒடித்து அழுத்தினால் எளிதில் வளையாது. ஏறத்தாழ நான்கு மடங்கு விசை வேண்டும். உயரம் பாதியானால் தாங்கும் பாரம் நான்கு மடங்கு என்னும் இந்த விதியை 1744-இல் கணித மேதை லியனார்டு ஆய்லர் வகுத்துக் காட்டினார். அவருடைய சூத்திரத்தில் இரண்டரை அடி உயரமுள்ள நம் காலைப் போட்டுப் பார்த்தாலும் விடை பல டன்னாகவே வருகிறது. எனவே காலுக்காக நான்கு அங்குலத் தடி தேடி அலைய வேண்டியதில்லை. காசை வேறிடத்தில் செலவிடலாம்.

தொய்வுதான் பகை

அந்த வேறிடம், தொட்டிக்கு நேர் அடியில் நீளவாக்கில் ஓடும் மேல் சட்டம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் பாதிப் பாரத்தை, அதாவது 210 கிலோவை, நாலடி நீளத்தில் சுமக்க வேண்டும்.

இங்கே ஒரு சோதனை. ஓரடி மரஸ்கேல் ஒன்றை இரண்டு புத்தக அடுக்குகளின்மேல் பாலம்போலப் படுக்க வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். நன்றாகத் தொய்கிறது. அதே ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள். அசையவே மறுக்கிறது. மரம் அதே மரந்தான். அளவும் அதே அளவுதான். 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோவே இதை ஆராய்ந்திருக்கிறார்.

காரணம் இதுதான்: வளையும் சட்டத்தின் மேற்புற நார்கள் நெருக்கப்படுகின்றன, கீழ்ப்புற நார்கள் இழுபடுகின்றன. நடுவே ஓர் அடுக்கு, நெருக்கமும் இழுப்பும் இல்லாமல் சும்மா இருக்கிறது. அந்த நடு அடுக்கிலிருந்து நார்கள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அந்த அளவுக்கு அவற்றின் எதிர்ப்புப் பயன்படுகிறது. சட்டத்தின் உயரத்தை இரட்டித்தால் தொய்வு பாதியாகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது! நீளத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஒரே சீராகப் பரவிய பாரத்தின்கீழ், தாங்கலுக்கும் தாங்கலுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

தேக்கின் மீள்திறனை வைத்து நம் சட்டத்துக்குக் கணக்கிட்டால் கிடைக்கும் விடைகளைப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலச் சட்டம், இரு முனைகளில் மட்டும் கால் இருந்தால், நடுவில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தொய்யும். இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டத்தைப் படுக்கையாகப் போட்டால் சுமார் 5 மில்லிமீட்டர். அதையே விளிம்பில் நிறுத்தினால் 1.2 மில்லிமீட்டர். நடுவில் ஒரு காலையும் கொடுத்துவிட்டால் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். ஒரே மரம், ஒரு கால் கூடுதல். தொய்வு மட்டும் ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒரு தாளின் கனத்துக்கு இறங்கிவிட்டது.

இதோடு முடியவில்லை. மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தொடர்ந்து பாரம் ஏற்றி வைத்தால், முதல் நாள் தொய்ந்த அளவோடு நில்லாமல், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மேலும் தொய்ந்துகொண்டே போகும். புத்தக அலமாரிப் பலகைகள் நாளடைவில் நடுவில் குழிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தை எடுத்த பிறகும் அந்தக் குழிவு முழுதும் நிமிர்வதில்லை. ஆண்டுகள் செல்லும்போது தொய்வு முதல் நாள் அளவைப்போல இரு மடங்கு ஆகலாம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. தொட்டி வைத்த அன்றே உடையாமல் ஆறு மாதம் கழித்து உடைவதன் மர்மம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே நாலடித் தொட்டிக்கு ஆறு கால்கள்: மூலைக்கு ஒன்றாக நான்கு, முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொன்று. முன்பக்கத்து நடுக்கால் பொருள் வைக்க இடைஞ்சல் என்று தச்சர் சொல்லக்கூடும். அதன் இரு பக்கமும் இரண்டு கதவுகளைத் தொங்கவிட்டால் பார்வைக்கு அழகாகவே இருக்கும்.

கண்ணாடி ஏன் பொறுக்காது?

ஐந்து மில்லிமீட்டர் தொய்ந்தால் சாப்பாட்டு மேசைக்கு ஒன்றும் ஆகிவிடாது. தொட்டிக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

அந்தக் காலத்துத் தொட்டிகள் இவ்வளவு கெடுபிடி கேட்டதில்லை. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. அந்த நூற்றாண்டின் தொட்டிகள் பலவற்றுக்கு உலோகச் சட்டமே எலும்புக்கூடு; அடியில் கற்பலகை. சுண்ணத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த பசையில் கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருந்தன. பாரத்தைச் சட்டம் வாங்கிக்கொண்டது. கீழே மேசை சற்று வளைந்தாலும் இரும்பு சமாளித்தது. 1960-களுக்குப் பிறகு சிலிகோன் பசை பரவியது. சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டித் தொட்டி செய்ய முடிந்தது. பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் இரும்பு செய்து வந்த வேலை யாரிடம் போயிற்று? கீழே இருக்கும் மரத்தின் தலையில் வந்து விழுந்துவிட்டது.

கண்ணாடிக்கு அமுக்குவிசை பொருட்டே இல்லை, இழுவிசைதான் எமன். 1921-இல் வெளிவந்த ஆய்வில் ஆங்கிலப் பொறியியலாளர் ஏ. ஏ. கிரிஃபித் இதன் காரணத்தை விளக்கினார். கண்ணாடியின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் உள்ளன. கண்ணாடி வளையும்போது வெளிவளைவான பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவிசை முழுவதும் கீறலின் நுனியில் குவிகிறது. துணியின் ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டுவிட்டு இழுத்தால் சர்ரென்று கிழிகிறதல்லவா, அதுபோல. உலோகமாக இருந்தால் அந்த இடத்தில் சற்று நெகிழ்ந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது.

மேலும், தொட்டியின் கண்ணாடி ஏற்கெனவே சும்மா இருக்கவில்லை. 22 அங்குல ஆழத் தண்ணீர், நாலடி முன்கண்ணாடியை ஏறத்தாழ 190 கிலோ விசையுடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. (தொட்டியின் அகலம் ஒன்றரை அடியாக இருந்தாலும் பதினைந்து அடியாக இருந்தாலும் இந்த விசை மாறாது. நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது என்று 1586-இலேயே சைமன் ஸ்டெவின் எழுதிவிட்டார்.) தாங்கி நடுவில் தொய்யும்போது, செங்குத்தான முன், பின் கண்ணாடிகள் விறைப்பாக இருப்பதால் தொட்டி கூடவே வளைந்து கொடுப்பதில்லை. அது இரு முனைகளில் மட்டும் உட்கார்ந்து, நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. பரவலாக இறங்க வேண்டிய பாரம் இரண்டு ஓரங்களில் குவிகிறது. ஆதரவை இழந்த அடிக்கண்ணாடியை மேலிருந்து தண்ணீர் அழுத்த, அதன் அடிப்புறம் இழுபடுகிறது. எங்கோ ஒரு கீறல் காத்திருக்கிறது.

தொட்டியின் அடியில் தெர்மகோல் அட்டை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சட்டமில்லாத தொட்டிக்கு அது வேண்டியதுதான். மணல் துகள், ஆணித்தலை, பலகையின் சிறு மேடு ஆகியவற்றை அது விழுங்கிக்கொள்ளும். ஆனால் ஐந்து மில்லிமீட்டர் தொய்வை அதனால் நிரப்ப முடியாது.

பாரம் இறங்கும் வழி

இனி இணைப்புகளைக் காண்போம். சட்டத்தைக் காலோடு சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. காலின் பக்கத்தில் சட்டத்தை வைத்துத் திருகாணி போடுவது ஒரு வழி. இது சுலபம், விரைவில் முடியும். காலின் தலைமேல் சட்டத்தை உட்கார வைப்பது மற்றொரு வழி. முதல் வழியில் 420 கிலோவும் திருகாணிகளின்மேல் தொங்குகிறது. திருகாணி ஒடியாமல் இருக்கலாம். ஆனால் அதன் மெல்லிய உடல் சுற்றியுள்ள மர நார்களை அழுத்தி நசுக்கும். வட்டத் துளை நீள்வட்டமாகும். சட்டம் ஓரிரு மில்லிமீட்டர் கீழே இறங்கும். எல்லாத் துளைகளும் ஒரே அளவில் இறங்குமா? இறங்காது. மட்டம் கெடுவது இப்படித்தான்.

உங்கள் தாங்கி சரியானதா என்று அறிய ஓர் எளிய கேள்வி போதும். எல்லா ஆணிகளையும் திருகாணிகளையும் மாயமாக உருவிவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். தொட்டி அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் பாரம் மரத்தின் வழியாகவே தரைக்கு இறங்குகிறது என்று பொருள். திருகாணிகள் மரத்தை நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்கின்றன. விழும் என்றால் தச்சரிடம் மறுபடி பேசுங்கள். நம் பழைய வீடுகளில் தூணின் தலையில் போதிகையும் அதன்மேல் உத்தரமும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான். காலின் தலையில் பள்ளம் வெட்டி, அதில் சட்டத்தைப் பதித்து உட்கார வைத்தால் இன்னும் நல்லது, பக்கவாட்டிலும் அசையாது.

மேல் சட்டங்களுக்கு இடையே குறுக்குக் கட்டைகள் மூன்று, அவற்றின்மேல் முக்கால் அங்குல ஒட்டுப்பலகை. பலகையின் அளவு தொட்டியின் அடியளவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம். தொட்டி ஒரு விரற்கடைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முன், பின் கண்ணாடிகளின் கீழ்விளிம்புக்கு நேர்கீழே நீளச் சட்டங்கள் வர வேண்டும்.

சதுரமும் முக்கோணமும்

மேலிருந்து வரும் பாரத்துக்கு வழி செய்தாயிற்று. பக்கவாட்டிலிருந்து வரும் தள்ளுதலுக்கு? குழந்தை கதவைப் பிடித்துத் தொங்கும். பெரியவர் சாய்ந்து நிற்பார். தரையைத் துடைக்கும்போது இடிபடும்.

கெட்டி அட்டையில் நான்கு பட்டைகள் வெட்டி, மூலைகளில் குண்டூசி குத்திச் சதுரமாகச் சேர்த்துப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினால் அது சாய்சதுரமாகிப் படுத்துவிடும். மூன்று பட்டைகளை முக்கோணமாகச் சேர்த்தால் ஊசியே வளைந்தாலும் முக்கோணம் உருமாறாது. கால்களும் சட்டங்களும் மட்டுமே உள்ள தாங்கி அந்தச் சதுரத்தைப் போன்றது. மூலைக்கு மூலை ஒரு சாய்கட்டை அடித்தால் முக்கோணம் பிறந்துவிடும். அதைவிடச் சிறந்தது, பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் அரை அங்குல ஒட்டுப்பலகையை ஓரம் முழுவதும் பசை தடவித் திருகாணியால் இறுக்கிவிடுவது. ஒரு முழுப் பலகை எண்ணற்ற முக்கோணங்களுக்குச் சமம். குழாய்க்கும் ஒயருக்கும் துளை போடலாம்; ஆனால் பலகையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டாம்.

உயரமும் கவனிக்கத் தக்கது. ஒன்றரை அடி அகலத் தொட்டிக்கு இரண்டரை அடி உயரத் தாங்கி வைத்தால் மொத்தத்தின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து மூன்று அடிக்கு மேலே போய்விடுகிறது. இந்நிலையில் முன்பக்கமாக 13 டிகிரி சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். நின்றபடி பார்க்க வசதி என்று இன்னும் உயர்த்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டரை அடியே அதிகம்; அங்கே தாங்கியின் பின்சட்டத்தை இரண்டு இரும்புக் கோணங்களால் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

முக்காலி ஆடாது

முக்காலி எந்தத் தரையில் வைத்தாலும் ஆடாது, நாற்காலி ஆடும். ஏன்? மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அதே தளத்தில் அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாற்காலி ஆடினால் நாம் காகிதத்தை மடித்து ஒரு காலுக்குக் கீழே வைப்போம். தொட்டிக்கு அடியில் இப்படி ஒரு மூலை தாழ்ந்திருந்தால், அந்தப் பாரத்தில் ஆட்டம் தெரியாது. அதற்குப் பதிலாகக் கண்ணாடிப் பெட்டி முறுக்கப்படும். பிழிந்த துணிபோல முறுக்குவதைக் கண்ணாடி சிறிதும் பொறுக்காது.

சாய்வு வேறு, முறுக்கு வேறு என்பதை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாலடி நீளத்தில் ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் நீர்மட்டக் கோடு கண்ணை உறுத்தும். ஆனால் 22 அங்குல ஆழத்தில் அது அரை சதவீத வேறுபாடுதான், தொட்டிக்குப் பெரிய தீங்கில்லை. ஒரே ஒரு மூலை மட்டும் மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அது ஆபத்து.

ரசமட்டம் சாய்வைக் காட்டும். முறுக்கைக் கண்டுபிடிக்கத் தச்சர்களிடம் ஒரு பழைய உத்தி இருக்கிறது. நேராக இழைத்த இரண்டு ரீப்பர்களைத் தாங்கியின் இரு முனைகளிலும் குறுக்காக வையுங்கள். சில அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, முன் ரீப்பரின் மேல்விளிம்போடு பின் ரீப்பரின் மேல்விளிம்பைப் பொருத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே கோடாகத் தெரிந்தால் முறுக்கில்லை. அடுத்து, நீளச் சட்டத்தின்மேல் முனைக்கு முனை நூலை விறைப்பாகப் பிடித்து, இடையில் அஞ்சலட்டையை நுழைத்துப் பாருங்கள். ஓர் அட்டையின் கனம் சுமார் கால் மில்லிமீட்டர். ஓர் அட்டை நுழைந்தால் பரவாயில்லை. நாலு அட்டை நுழைந்தால் இழைப்புளியை எடுக்க வேண்டியதுதான்.

தரை கோணலாக இருந்தால், ஆப்பைக் காலுக்கும் தரைக்கும் நடுவே செருகுங்கள். தொட்டிக்கும் தாங்கிக்கும் நடுவே ஆப்பு வைக்கும் பழக்கம் மிகக் கெட்டது. அது பாரம் முழுவதையும் ஒரு புள்ளியில் கண்ணாடியின்மேல் குத்த வைப்பதாகும்.

எந்த மரம்?

தேக்கு கிடைத்தால் நன்று. ஆனால் விலை கூடுதல். வேங்கையும் நன்கு உலர்ந்த வேம்பும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். என்னைக் கேட்டால், இடித்த பழைய வீட்டிலிருந்து வரும் சட்டங்களையே முதலில் தேடச் சொல்வேன். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் இனி முறுக்கிக்கொள்ளப் போவதில்லை. வாங்கும்போது கணுவைப் பாருங்கள். மேல் சட்டத்தின் அடிப்பக்கத்தில், நடுவில் கணு இருக்கக் கூடாது. இழுபடும் நார்கள் அங்கே வளைந்து ஓடுவதால் அந்த இடம் பலவீனமானது. அதே கணு சட்டத்தின் ஓரத்தில் இருந்தால் தொல்லை இல்லை.

மரத்தூளை ஒட்டிச் செய்யும் பலகைகளை அறவே விலக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஓரத்தில் புகுந்தால் அவை ரொட்டிபோல ஊதும்; காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பா. ஒட்டுப்பலகையிலும் வகை உண்டு. ஐ.எஸ். 303 முத்திரையுள்ளவற்றில் சாதாரண ஈரம் தாங்குபவை, கொதிநீர் தாங்குபவை என்று இரு தரங்கள் இருக்கின்றன. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 710 என்பது கடற்பயன் பலகை. அது இன்னும் உறுதியானது.

மீன் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் சிந்தாமல் இருக்காது. வார்னிஷோ பெயின்டோ வெளிப்புறத்துக்கு மட்டும் அடித்துவிட்டு உட்புறத்தை வெறுமையாக விடுவது வழக்கமாகிவிட்டது. ஈரம் அடைந்து கிடப்பது உட்புறத்தில்தான். எல்லாவற்றையும்விட முக்கியம் காலின் அடி. அங்கே நார்க் குழல்களின் வாய்கள், வெட்டிய வைக்கோல் கட்டுபோலத் திறந்திருக்கின்றன. தரையில் நிற்கும் ஈரத்தை அவை உறிஞ்சி மேலே ஏற்றும். அந்த முகத்தில் இரண்டு மூன்று முறை பெயின்ட் ஊற விட்டு, கீழே ஒரு கடப்பைக் கல் துண்டு வையுங்கள். ஈரமும் ஏறாது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும். கடல் மீன் தொட்டியானால் இரும்புத் திருகாணி உப்பில் அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். மின்சாரப் பலகையைத் தாங்கியின் அடியில் வைக்காமல் சுவரில் உயரத்தில் வையுங்கள். ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

தரைத்தள வீட்டில் தளத்தைப் பற்றிக் கவலையில்லை. மாடியில் யோசிக்க வேண்டும். இந்தியத் தர விதிகளின்படி, வசிக்கும் அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்கு வடிவமைக்கப்படுகிறது. நம் தொட்டியும் தாங்கியும் நிற்கும் இடத்தில் மட்டும் அது 800 கிலோவைத் தாண்டுகிறது. அறையின் மற்றப் பகுதி காலியாக இருப்பதால் கான்கிரீட் தளம் உடனே விழுந்துவிடாது. ஆனாலும் சுவரை ஒட்டி, உத்தரத்துக்கு மேலாக வைப்பதே முறை. அறையின் நடுவில் வேண்டாம், பால்கனியில் வேண்டவே வேண்டாம். மரக்கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மாடி என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தொட்டி ஏற்றாதீர்கள்.

தண்ணீர் நிரப்பும் நாள்

தாங்கி வந்து நின்றதும் அன்றே விளிம்புவரை நிரப்ப அவசரப்பட வேண்டாம். முதலில் கால் பங்கு நிரப்பி, நூலும் அட்டையும் கொண்டு மறுபடி சோதியுங்கள். பிறகு பாதி, மீண்டும் சோதனை. முழுவதும் நிரம்பிய பின் இரண்டு நாள் அப்படியே விட்டு, தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே முன்பக்கம் முழுவதும் ஓர் அட்டையை ஓட்டிப் பாருங்கள். எங்கேனும் தாராளமாக உள்ளே போனால், பாதித் தண்ணீரையாவது இறைத்துவிட்டுக் காலுக்கடியில் உள்ள ஆப்பைத் திருத்துங்கள். இதனால் மீன்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருகப் பல வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் நிரப்பிய அன்றே மீன்களை விடுவது எப்படியும் தவறு.

முதல் ஆண்டு முழுவதும் தாங்கியின்மேல் ஒரு கண் இருக்கட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் மரம் அகலவாட்டில் சற்றுச் சுருங்கும். அப்போது திருப்புளியை எடுத்து, தளர்ந்த திருகாணிகளை ஒரு சுற்று இறுக்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை வாங்கி உப்பும். கதவுகள் இறுகித் திறக்க மறுக்கும். உடனே இழைத்துவிடாதீர்கள். மாசி வரை பொறுத்தால் தாமாகவே திறந்துகொள்ளும்.